அந்த வீட்டுத் தர்பார்

வேண்டாம். இன்றைக்கு மட்டும் அது வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் வாசியுங்கள், விடிய விடிய வாசித்தாலும் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த ஒன்று மட்டும் வேண்டாம்.

முகம் தெரியாத ஒரு வயலின்காரரிடம் மனதுக்குள் இப்படிக் கெஞ்சியபடி அவள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையாக அதே விரிப்பை. மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்து.

புத்தக அலமாரியின் மேல் தட்டில் ரேடியோ இருந்தது. சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இசை, ஏழே காலுக்கு நாடகம். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் இரண்டு வீடு மாறி, மூன்று ரேடியோ மாறி, அந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை. அவளுடைய கணவர் சோபாவின் நுனியில், ஏதோ நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஃபோன். மறு கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

நிலையம் தொடங்கி ஐம்பது வருடம் ஆகிறதாம். அதற்காக இன்று ஒரு போட்டி. வயலின்காரர் மூன்று உருப்படி வாசிப்பார். முதல் இரண்டின் ராகத்தையும் அறிவித்துவிடுவார்கள். மூன்றாவதை நேயர்கள்தான் ஃபோனில் சொல்ல வேண்டும். முதலில் சரியாகச் சொல்பவருக்கு என்ன பரிசு என்பதைக் கேட்டதும்தான் அவர் போன வாரம் துள்ளி எழுந்தார்: நாடகத்தின் முன்னறிவிப்பை அந்த நேயரே வானொலியில் படிக்கலாம்.

அவர் நாடகப் பைத்தியம். சின்ன வயதில் நாடகத்துக்காகத்தான் ரேடியோ போடுவாராம். முன்னால் வருகிற பாட்டுக் கச்சேரி அவருக்கு டிக்கெட் கவுன்டரில் வரிசையில் நிற்பது மாதிரி. நின்றால்தான் படம். அந்த வரிசையிலேயே நின்று சுற்றுமுற்றும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். எட்டு வருடம் முறையாகப் பாட்டுக் கற்றவள். அதனால் சனிக்கிழமை மாலைகளில் மட்டும் அவர் அவளை "டீச்சர்" என்பார்.

அந்தத் தாளில் இருந்ததை வாரம் முழுக்கக் காரில் ஒத்திகை பார்த்திருந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்காக. இருபத்துமூன்று வருடமாக அந்தப் பிரேக்கின் மேல் கால் வைத்தே உட்கார்ந்திருந்ததில், பள்ளியில் அவருக்கு "பிரேக்" என்றே பெயர். கூட வேலை பார்க்கும் இன்னொரு வாத்தியாருக்கு, பொருத்தம் கருதி, "கிளட்ச்". வாரம் முழுக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் ஆட்களிடம், "லெஃப்ட்ல ஒடிங்க, இண்டிகேட்டர் போடுங்க, நேயர்களே, அடுத்து நாடகம்" என்று சொல்லியிருக்கிறார்.

"அப்பா, நீங்க ஃபோனை இப்படிப் பிடிச்சிருக்கறதைப் பார்த்தா அது மூச்சுத் திணறிச் செத்துரும்" என்றாள் மகள். மருந்தியல் படிக்கிறாள். விடுதியிலிருந்து நேற்றுதான் வந்திருந்தாள்.

"நீ சும்மா இரு. கிளட்ச் வீட்ல எல்லாரும் ரேடியோவைச் சுத்தி உக்காந்திருக்காங்க. அவன் மச்சினிச்சி குடும்பம் வேற வந்திருக்காம்."

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்றாள் அவள், விரிப்பிலிருந்து தலை நிமிராமல்.

"சொல்லாம? வீட்டுல டீச்சரை வச்சுக்கிட்டு எனக்கென்ன பயம்?"

இரண்டாவது உருப்படி முடிந்தது. ஒரு சிறிய மௌனம். பிறகு வில் மெதுவாக நரம்பில் இறங்கியது. முதல் நாலு ஸ்வரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த விரிப்பின் ஒரு முனை நழுவிக் கீழே விழுந்தது.

"தர்பார்!" என்று அவர் கத்தினார். "நம்ம தர்பார்! பாரு, நமக்குன்னே வாசிக்கிறான் மனுஷன்!"

அது தர்பார் அல்ல. நாயகி.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா விரிப்பைப் பார்த்தாள்.

இரண்டும் ஒரே சாயலுள்ள ராகங்கள்தான். ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பெண்களை முதுகுப்புறம் பார்த்து மாற்றிக் கூப்பிட்டுவிடுவது போலக் கற்றவர்களே தடுமாறுவதுண்டு. தர்பார் ஒரு ஸ்வரத்தை இரண்டிரண்டாக அழுத்திச் சொல்லிவிட்டுப் போகும். நாயகிக்கு அவசரம் கிடையாது. ஆனால் அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் வேலை பார்க்கிறாள். வெள்ளை என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் நிறத்தில் பதினாறு வகை வரிசையாக அவள் மேசையில் தொங்கும். எட்டாவதையும் ஒன்பதாவதையும் அவள் மாற்றி எடுத்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பும் நாயகியைத் தர்பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே ஒரு நாள்தான் சொன்னாள்.

கல்யாணமான முதல் வாரம். வாடகைக்குப் பிடித்த வீட்டில் இரண்டே இரண்டு அறை, ஒரு நாற்காலிகூட இல்லை. ஒரு பாயில் அவரும் அவளும், நடுவில் ரேடியோ. அவளுக்கு அந்த வீட்டில் எல்லாமே பயமாக இருந்தது. கதவு கிறீச்சிடுவது, குழாயில் தண்ணீர் வரும் சத்தம், இந்த மனிதர் எப்போது என்ன பேசுவார் என்பது. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவருடைய வலது கால், செருப்பில்லாத கால், தரையை மெதுவாக அழுத்தியது. இன்னொரு ஹாரன். மறுபடியும் அழுத்தியது. அப்போதுதான் வேலையில் சேர்ந்த புதிது அவருக்கு. தெருவில் போகிற வண்டிகளை எல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்தே நிறுத்திக்கொண்டிருக்கிறார், அது அவருக்கே தெரியாது என்பது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயலின் காதில் விழவே இல்லை. பயம் எப்போது போனது என்றும் தெரியவில்லை.

"இது என்ன ராகம்?" என்று அவர் கேட்டார். அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று.

"தர்பார்" என்றாள், வாயில் வந்ததை.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ராகம் தானாக நினைவில் ஓடியது. பிரஷ் வாயிலேயே நின்றது. அது நாயகி அல்லவா? சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். சாயங்காலம் அவர் கிளட்சை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "எங்க வீட்டுக்காரிக்கு ரெண்டு இழு இழுத்தா போதும், ராகம் சொல்லிடுவா. நேத்து சட்டுனு சொன்னா பாரு, தர்பார்னு" என்றார். அவ்வளவு பெருமையாக யாரும் அவளைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் என்பது இருபத்துமூன்று வருடம் நீளும் என்று யார் கண்டார்கள்?

அவர் அந்த ராகத்தை மட்டும் மனதில் பிடித்துவைத்துக்கொண்டார். மற்றவற்றை எல்லாம் அவளிடம் கேட்பார். இது வந்தால் மட்டும் அவள் வாய் திறக்கும் முன் "தர்பார்" என்பார். ரேடியோவில் "இப்போது நீங்கள் கேட்டது நாயகி ராகம்" என்று அறிவித்தால், "பேப்பரைப் பார்த்துப் படிக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?" என்பார். மகள் பேசக் கற்றபோது அவளுக்கும் தர்பார் என்றே சொல்லிக்கொடுத்தார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். மரியாதையான கடிதம்தான். "தங்கள் அறிவிப்பில் ஏற்பட்ட சிறு பிழையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்." மொத்தம் நான்கு கடிதங்கள். தபால் பெட்டி அவள் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரே இருந்ததால் அவளிடம்தான் கொடுத்தனுப்புவார். நான்காவது கடிதம் ஒன்பது நாள் அவள் கைப்பையில் கிடந்தது. கிழித்துப் போடலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று செய்வது அவளால் ஆகவில்லை. பத்தாவது நாள் போட்டாள். பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் இன்றும் அவளுக்கு நினைவிருக்கிறது.

"ம்மா, கொஞ்சம் உள்ள வாயேன்" என்றாள் மகள்.

சமையலறையில் ரேடியோ சற்றுத் தள்ளிக் கேட்டது.

"அது நாயகிதானே?"

அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளரைக் கழுவினாள்.

"விடுதியில ஒருத்தி பாடினா. நான் பெரிய மேதாவி மாதிரி தர்பார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்கம்மா. எங்கப்பா சொன்னார்னு சண்டை வேற போட்டேன். உனக்குத் தெரியாம இருக்காது."

"தெரியும்."

"அப்போ சொல்லு. ஊரே கேட்டுக்கிட்டிருக்கு. அவர் போய் ரேடியோல தர்பார்னு சொல்லி அசடு வழியணுமா? நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன். நான்தானே மாத்தினேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் கால் நகரவில்லை. எதற்குப் பயப்படுகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கோபப்படுவாரா? கோபம் அவருக்கு வராது. சிவப்பு விளக்கில் நிற்காமல் போகிற மாணவனிடமே "அது சும்மா அழகுக்கு வச்சதில்ல தம்பி" என்று சொல்லுகிற மனிதர். அது இல்லை. இருபத்துமூன்று வருடமாக ரேடியோ ஒன்று சொல்லி, இவள் வேறொன்று சொன்னதால், ரேடியோதான் தப்பு என்று இருந்திருக்கிறார். உலகத்தில் அப்படி அவளை நம்பியவர் வேறு யாரும் இல்லை. இனிமேல் அவள் ஏதாவது சொன்னால், மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னால்கூட, அவர் ஒரு நிமிடம் யோசிப்பார். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் பயம். அவர் நன்மைக்காக மௌனமாக இருந்தேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டதும் உண்மை இல்லை. தன் நன்மைக்காகத்தான் இருந்திருக்கிறாள்.

கூடத்தில் வயலின் ஓய்ந்தது. அறிவிப்பாளர், இளம் பெண் குரல், உற்சாகமாகத் தொலைபேசி எண்ணைச் சொன்னாள். அவள் கூடத்துக்குப் போனபோது அவர் ஏற்கெனவே எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கேஜ்டு. எங்கேஜ்டு. சே! ஆ, மணி அடிக்குது!" அவர் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். "ஆமாங்க, ராகம் சொல்லத்தான்... சரிங்க, லைன்ல இருக்கேன்." ஃபோனைக் கையால் மூடிக்கொண்டார். "எனக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான்!"

ரேடியோவில் அந்த ஒருத்தர் பேசிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெரியவர். தன் வீட்டார் அனைவருக்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஆற அமர "ஆனந்தபைரவி" என்றார்.

"ஆனந்தபைரவியாம்!" அவர் சிரித்தார். "போச்சு. அடுத்து நான்தான்."

"என்னங்க."

"இரு, இரு."

"என்னங்க, அது தர்பார் இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாயகி. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பழைய வீட்ல, முதல் வாரம். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், சொல்லல."

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. வழி தெரியும் என்று நம்பித் திரும்பிய தெருவில் சுவர் நிற்பதைப் பார்த்தவர் போல இருந்தார்.

"அப்போ ரேடியோல சொன்னவங்க எல்லாம்?"

"சரியாத்தான் சொன்னாங்க."

"நாலு லெட்டர் போட்டேனே!"

"நான்தான் போட்டேன். பெட்டியில."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அதற்குள் ஃபோனில் ஏதோ குரல் கேட்டது. அவர் அதைக் காதில் வைத்தார்.

"வணக்கம் சார், வாழ்த்துகள், நீங்க இப்ப நேரலையில இருக்கீங்க" என்று அறிவிப்பாளர் சொன்னது ஃபோனிலும் ரேடியோவிலும் கேட்டது. "ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்."

மகள் ஓடிப்போய்க் குறைத்தாள்.

"எங்கேருந்து பேசறீங்க, என்ன பண்றீங்க சார்?"

"வீட்லருந்துதாங்க. கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறேன்."

அறிவிப்பாளரின் குரல் மாறியது. "சார், ஒரு நிமிஷம். நீங்க... தர்பார் சாரா?"

"என்னது?"

"ஓட்டுநர் பயிற்சியாளர்னு கையெழுத்துக்குக் கீழ போட்டு லெட்டர் எழுதுவீங்களே சார்! எங்க ஆபீஸ்ல உங்களுக்குத் தர்பார் சார்னுதான் பேரு. நாயகி போட்டா போதும், இந்த வாரம் தர்பார் சார் லெட்டர் வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருப்போம்." அந்தப் பெண்ணின் குரலில் கேலி இருந்தது, அதைவிடப் பிரியம் அதிகமாக இருந்தது. பேச்சோடு பேச்சாக விடையையே சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆயிற்று. "ஐயையோ, நானே உளறிட்டேனா? சரி, உளறினதை வாபஸ் வாங்க முடியாது. சொல்லுங்க சார், இன்னைக்கும் தர்பார்தானா?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம், அவள் பயந்த நிமிடம், வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"இல்லைங்க. நாயகி" என்றார் அவர். "நீங்க சொன்னதுக்காகச் சொல்லல. என் மனைவி சொன்னாங்க, அதனால சொல்றேன். முன்னாடி தர்பார்னு சொன்னதும் அவங்கதான். லெட்டர் எழுதினது மட்டும்தான் நான்."

நிலையத்தில் யாரோ பின்னால் வெடித்துச் சிரிப்பது கேட்டது. அறிவிப்பாளரும் சிரித்து, அடக்கி, மறுபடி சிரித்தாள். "ரொம்ப சரி சார். வாத்தியாருக்கு ஒரு பிழை மன்னிப்பு. நான் உளறினதுக்கும் சேர்த்து. பரிசு உங்களுக்குத்தான். நாடகத்தை நீங்களே அறிவிங்க."

அவர் தாளைப் பிரிக்காமலே சொன்னார். "நேயர்களே, அடுத்து நாடகம். தலைப்பு, இரண்டு சாவிகள். அவசரப்படாமல், நிதானமாகக் கேளுங்கள்." கடைசி வரி அந்தத் தாளில் இல்லாதது. முதல்முறை கார் ஓட்ட உட்கார்ந்து நடுங்குபவர்களிடம் சொல்லுகிற குரலில் சொன்னார். குறைத்து வைத்த ரேடியோவிலிருந்து அதே குரல் இம்மி தாமதமாக வந்தது. அவளுக்கு ஒரே அறையில் இரண்டு கணவர்கள் இருப்பதாகத் தோன்றியது. அடுத்த நிமிடமே ஃபோன் அதிர்ந்தது. கிளட்ச். எடுத்துக் காதில் வைத்து, "ஆமாண்டா, தர்பார் சார்தான் பேசறேன். வை, நாடகம் போகுது" என்று துண்டித்தார்.

நாடகம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே வீட்டுக்கு ஆளுக்கொரு சாவி வைத்திருக்கும் அக்கா தங்கை, ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். அக்கா பெட்டியோடு வாசல் வரைக்கும் போனபோது அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. தங்கை ஓடிவந்து பெட்டியைப் பிடித்ததும் கால் தளர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கோபம்தானோ என்று ஒருமுறை நினைத்தாள். ஆனால் பாதியில், கண்ணை ரேடியோவிலிருந்து எடுக்காமலே, அவளுடைய மடியிலிருந்த விரிப்பின் ஒரு முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டார், சேர்ந்து மடிப்பதற்கு. நாலு முனையும் சேர்ந்து விரிப்பு ஒருவழியாக மடிந்தது.

நாடகம் முடிந்து செய்தி வந்தது. மகள் குளிக்கப் போனாள். அவர் ரேடியோவை அணைத்தார்.

"நானும் யோசிச்சுப் பார்த்தேன், டீச்சர்."

"என்ன?"

"எட்டு வருஷம் கத்துக்கிட்டவ நீ. வேற எந்த ராகமாவது ஒரு தடவை தப்பாச் சொல்லியிருக்கியா?"

"இல்ல."

"பதினாறு வெள்ளையில எது எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவ. அன்னைக்கு மட்டும் எப்படித் தப்பாச்சு? கோபம் ஒண்ணும் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கத்தான். அதை மட்டும் சொல்லிடேன்."

அவளுக்கு வாய் வரை வந்தது. இன்றைக்கு இவ்வளவு சொன்னாயிற்று, இதையும் சொல்லிவிட்டால் என்ன? திங்கட்கிழமை கிளட்சிடம் சொல்வார், பள்ளி முழுக்கச் சிரிக்கும். அது போகட்டும். ஆனால் சொன்ன அந்த நிமிடமே அவர் குனிந்து தன் காலைப் பார்ப்பார். பிறகு அந்தக் காலுக்குத் தன்னை ஒருத்தி பார்க்கிறாள் என்று தெரிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை அது சும்மா இருக்கும். அல்லது அவளுக்காக வேண்டுமென்றே அழுத்தும். இரண்டும் அவளுக்கு வேண்டாம். அவரிடம் மறைத்தது எல்லாம் தப்பு என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்தாள். இது அதில் சேராது என்று இப்போது தோன்றியது.

"சொல்லேன்" என்றார் அவர்.

கீழே தெருவில் ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்தது. அவருடைய கால் தரையை அழுத்தியது.

"மாட்டேன்" என்றாள் அவள், மடித்த விரிப்பை எடுத்துக்கொண்டே.